மன்னிப்புக்குப் பின்னணி இசை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வண்டியில் ராஜபாளையம் வருவதற்குள் முழங்கால் வரை சேறு. இன்று முடிக்க வேண்டியவை: கண் முகாம் செய்திக்குறிப்பு, சர்க்கரை நோய் நாள் பேனரில் எழுத்துப்பிழை. இரண்டும் நடக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே எம்.டி. கூப்பிட்டார், முதலாளி டாக்டர். போனை நீட்டினார். ஒரு பெண்ணின் வலைப்பூ. கிருஷ்ணன்கோவிலில் எஞ்சினியரிங் படிக்கிறாளாம். தலைப்பு: ‘பதினோரு நாள் என் அம்மா காசநோயாளி.’

இருமலுக்காக எங்களிடம் வந்த அம்மா. லேபில் இரண்டு சளிக் குப்பிகளில் பெயர்ச்சீட்டு மாறிவிட்டது. டி.பி. என்று சொல்லி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டோம். அந்த அம்மா தட்டு, தம்ளர், பாய் எல்லாவற்றையும் தனியாக ஒதுக்கிக்கொண்டு, லீவுக்கு வந்த மகளைத் தெருவிலேயே நிறுத்திப் பேசியிருக்கிறாள். அரசு ஆஸ்பத்திரியில் மறுபடி பார்த்ததில் ஒன்றும் இல்லை.

நன்றாக எழுதியிருக்கிறாள். வசவு இல்லை. அம்மா பெயர் இல்லை, ஊர் இல்லை, படம் இல்லை. எங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. ஃபேஸ்புக், வாட்ஸப் எல்லாவற்றிலும் ஓடுகிறது.

“அந்த இன்னொரு ஆள், சார்?” என்று கேட்டேன். நோய் உள்ள ஒருவருக்கு நோய் இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்போமே. நேற்றுதான் தேடிப் பிடித்து மருந்து தொடங்கினார்களாம். அதாவது, இவள் எழுதிய பிறகு.

எம்.டி.: “போய்ப் பேசி அதை டெலிட் பண்ணச் சொல்லுங்க. நீங்க பழைய நிருபர்தானே.”

மக்கள் தொடர்பு அதிகாரி. என் அறைக் கதவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நவம்பர் 5, புதன்

தளவாய்புரம். பதிவேட்டில் விலாசம் பார்த்துப் போனேன். தெருவில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் சத்தம். எல்லாம் நைட்டி.

அந்த அம்மா பெயர் பொன்னுத்தாய். நாற்பத்தைந்து இருக்கும். மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மகள் கலா கதவோரம், கை கட்டியபடி.

“டெலிட் பண்ணச் சொல்லத்தான வந்தீங்க?” என்றாள் கலா.

“ஆமாம்” என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

பொன்னுத்தாய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ஏட்டி, நீ செத்த நேரம் சும்மா இரு. சார், எனக்குத் துட்டு வேண்டாம், கேஸு வேண்டாம். ஆஸ்பத்திரிலருந்து ஒரு பெரிய ஆளு இங்க வந்து, தப்பு எங்க மேலதாம்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். அம்புட்டுதான். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது இந்த விசயம். தெரிஞ்சா ஒரு பயலும் தைக்கத் துணி தர மாட்டான்.”

காப்பி தந்தாள். தனித் தம்ளர் எடுக்காமல், எங்களுக்குத் தந்த தம்ளர்களில் ஒன்றிலேயே தனக்கும் ஊற்றிக்கொண்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள்.

எம்.டி. வர ஒத்துக்கொண்டார், ஆச்சரியம். விளம்பர ஏஜென்சி பிரபுவும் கூட வருவானாம். மதுரைக்காரன், முப்பத்தைந்து வயது, நம் ‘சோசியல் மீடியா’ முழுக்க அவன் கையில். என்னைவிட இரண்டு மடங்கு சம்பளம். அவன் எதற்கு என்று கேட்டேன். “சும்மா ஃபீல்டு புரியட்டும்” என்றார். விலாசத்தை நானே அவனுக்கு அனுப்பினேன்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டது. போய் வந்தோம்.

எம்.டி. நன்றாகவே பேசினார், அதைச் சொல்ல வேண்டும். “தப்பு எங்களுதும்மா. எங்க லேப்ல குப்பி மாறிருச்சு. உங்களுக்கு டி.பி. இல்ல. மன்னிச்சிருங்க.” குரல் கொஞ்சம் உடைந்தது. நடிப்பு என்று நான் நினைக்கவில்லை.

பொன்னுத்தாய் அழுதுவிட்டாள். “சரி சார். தெரிஞ்சு செஞ்சீங்களா? போட்டும்” என்றாள். முறுக்கு வைத்தாள். கலாகூட எம்.டி.க்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பிரபு மூலையில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தான். மெசேஜ் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

வரும் வழியெல்லாம் எனக்கு மனசு லேசு. இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை என்று தோன்றியது.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் என் மனைவி எஸ்தர் போனை நீட்டினாள். “இது ஒங்க எம்.டி.தான?”

ஆஸ்பத்திரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் வீடியோ. நேற்றே போட்டிருக்கிறான் பிரபு. பொன்னுத்தாய் முகம், மெஷின், தெரு, எல்லாம் தெளிவாக. அவள் அழும் இடத்தில் வயலின். ‘மனிதநேயத்தின் மறுபெயர்.’ எம்.டி. கைகூப்புவது ஸ்லோமோஷனில். ‘டி.பி. இல்ல’ என்று அவர் சொன்ன இடம் இசையில் அமுங்கிவிட்டது. குப்பி மாறியதைச் சொன்னது வெட்டப்பட்டிருக்கிறது. கீழே எழுத்தில்: ‘காசநோய் வேதனையில் இருந்த ஏழைத் தாயின் இல்லம் தேடிச் சென்று.’

பார்த்தால் அவளுக்கு நோய் இருக்கிறது, டாக்டர் இரக்கப்பட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான் புரியும்.

கீழே கமெண்ட்: ‘கடவுள் சார் நீங்க.’ ‘இது தளவாய்புரம்ல, நம்ம பொன்னுத்தாயி அக்கா.’ ‘இவங்க தச்ச நைட்டி எந்தக் கடைக்குப் போகுது, சொல்லுங்கப்பா.’

  

நவம்பர் 10, திங்கள்

பிரபு: “கன்சென்ட்டா? அவங்கதான் முறுக்கெல்லாம் குடுத்தாங்களே சார்.”

அப்படியே எழுதி வைக்கிறேன். முறுக்கு கொடுத்தாள், அதனால் சம்மதம்.

எம்.டி. அறையில் கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் வீடியோவை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். ஆனால் உள்ளூர்ப் பக்கங்கள் இரண்டு மூன்று இறக்கி வைத்துக்கொண்டு தங்கள் பெயரில் ஓட்டுகின்றன. அதைத் திருப்பி வாங்க முடியாது.

“திருத்தம் போடுவோம் சார்.”

“எதுக்கு மறுபடி கிளறணும்? ரெண்டு நாள்ல மறந்துருவாங்க.”

நிருபராக இருந்தபோது பெயர் தப்பாக வந்தால் மறுநாள் நாலு வரி வருத்தம் போடுவோம். யார் கண்ணிலும் படாத மூலையில்தான், ஆனாலும் போடுவோம்.

மாலை கலா போன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “சார், துணி குடுக்கிறவரு கட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போய்ட்டாரு. பாதி தச்சதையும்.” பிறகு, “நான் பேரு போடாம எழுதினேன் சார்.”



நவம்பர் 11, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டுத் தளவாய்புரம். அரசு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் நகலோடு துணி வியாபாரி குடோனுக்கு. நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார். “எனக்குப் புரியுது சார். ஈரோட்டுல வாங்குதவனுக்கு யாரு புரிய வைக்க? அவன் பாத்தது வீடியோவ. நீங்க பேப்பரக் காட்டுதீங்க.”

பொன்னுத்தாய் வீடு. மெஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. தெருவே சத்தமாக இருக்க, அந்த ஒரு வீடு மட்டும் சத்தமில்லாமல்.

“நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க” என்றேன்.

“அதே மாதிரி போன் வீடியோல நீங்க சொல்லுங்க. ஒங்க மூஞ்சி தெரியணும். என் மூஞ்சிய எல்லாரும் பாத்தாச்சில்ல?”

எனக்குப் பயம். எழுதிப் பிழைத்தது முப்பது வருஷம். ஒருநாளும் முகம் காட்டியதில்லை. வேலையும் போகும். எஸ்தருக்கு முழங்கால் ஆபரேஷன் தையில்.

தெருவில் வேப்பமரத்தடியில் நின்றேன். கலா போனைப் பிடித்தாள். எழுதி வைத்துப் படிக்கவில்லை. என் பெயர், என் வேலை. குப்பி மாறியது எங்கள் லேபில். இந்த அம்மாவுக்கு நோய் கிடையாது. கேட்காமல் படம் எடுத்துப் போட்டோம், விலாசம் கொடுத்தது நான். இரண்டு தடவை நாக்குக் குழறியது. வெட்டவா என்று கலா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அவள் வலைப்பூவிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டாள்.

நவம்பர் 12, புதன்

மேஜையைக் காலி செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு எம்.டி. கூப்பிட்டார். பிரபுவும் உள்ளே. இரண்டு பேருக்கும் சிரிப்பு.

பிரபு: “சார், பின்னிட்டீங்க! அப்படியே ரியலா இருக்கு. ஆஸ்பத்திரி மேல நம்பிக்கை வருதுன்னு கமெண்ட்டு. நம்ம பேஜ்லயும் ஏத்திட்டேன்.”

காட்டினான். நான் குழறுகிறேன், மூலையில் ஆஸ்பத்திரி லோகோ, பின்னால் அதே வயலின்.

“மாசம் ஒண்ணு இப்படிப் பண்ணுவோம் சார். ‘மனம் திறக்கிறார் பி.ஆர்.ஓ.’”

எம்.டி. தலையாட்டினார். சம்பளம் பற்றியும் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை.

இரண்டு வரி ராஜினாமா, பேனாவால். வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் சொம்பில் தண்ணீர் தந்தார்.

எஸ்தரிடம் சொன்னேன். “ஆபரேஷன் பொறவு பாத்துக்கலாம்” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நவம்பர் 13, வியாழன்

மழை. வீட்டில் சும்மா. பழைய நண்பர்கள் இரண்டு பேருக்கு வேலை கேட்டு போன். பார்க்கலாம் என்றார்கள்.

சாயங்காலம் கலா பேசினாள். வியாபாரி ஒரு கட்டு துணி கொண்டுவந்து போட்டாராம். முன்னே தந்ததில் பாதிதான். ஈரோட்டுக்கு என் வீடியோவை அனுப்பினாராம், வயலின் இல்லாததை.

“அம்மாட்ட குடுக்கேன் சார்.”

மெஷின் சத்தம். பிறகு பொன்னுத்தாய்: “சார், வீடியோவப் பாத்தேன். சட்டக் காலர் பிரிஞ்சு தொங்குது, அதோடயா நின்னீங்க? கொண்டாங்க, தச்சுத் தாரேன்.”

ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம், இரண்டு விரல் நீளத்துக்கு.