கைப்பேசிப் பள்ளியின் பதினைந்து விடைகள்

அனுப்புநர்
இரா. சுதாராணி, எம்.எஸ்ஸி.,
14/2, கிணற்றடித் தெரு,
கோவில்பட்டி – 628 501.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம்,
கோவில்பட்டி.

பொருள்: பன்னிரண்டாம் வகுப்பு மாணவி செண்பகவல்லி – கைப்பேசி விளையாட்டில் வரும் தேர்வின் விடைகளைத் தோழிகளுக்கு அனுப்பியது – அதனை அரையாண்டு வினாத்தாள் கசிவு என்று முடிவு செய்து, செய்முறைத் தேர்வுக்கு அனுமதி மறுத்தது – தலையிட்டு அனுமதி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பள்ளித் தலைமையாசிரியை அவர்கள் 31.01.2025 அன்று வாய்மொழியாகப் பிறப்பித்த உத்தரவு. (எழுத்து வடிவில் எதுவும் தரப்படவில்லை.)

மதிப்பிற்குரிய அய்யா,

1. "பரீட்சைன்னாலே பேதியாகுத பிள்ளைக, வெளையாடப் போன எடத்துலயும் எதுக்கும்மா பரீட்சை எழுதுதுக?" என் மகள் செண்பகவல்லி படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை திருமதி ராஜமணி அவர்கள் சென்ற வெள்ளிக்கிழமை என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்கு விடை தெரியவில்லை. இன்றுவரை யோசித்தும் தெரியவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்கு விடை தெரியாத ஒரு கேள்விக்காக என் மகளின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இம்மனுவை எழுதுகிறேன்.

2. நான் தாவரவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவள். தனியார் விதை நிறுவனம் ஒன்றில் முளைப்புத்திறன் பரிசோதனை செய்கிறேன். ஒரு மூட்டையிலிருந்து விதைகளை எடுத்து, ஈரத்தாளில் சுற்றி வைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணிச் சொல்வது என் வேலை. உளுந்தோ பருத்தியோ, முளைப்பதைப் பார்க்காமல் "நல்ல விதை" என்று கையெழுத்திடுவதில்லை. பெற்ற மகள் என்பதற்காக அந்த வழக்கத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. கீழே எழுதியிருப்பவற்றில் நான் கண்ணால் பார்த்தவை எவை, பிறர் சொன்னவை எவை என்பதைப் பிரித்தே எழுதியிருக்கிறேன். இம்மனு பல மேசைகளைக் கடக்கும் என்பதால் பள்ளியின் பெயரைத் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

3. முதலில் அந்த விளையாட்டைப் பற்றி. மகள் விளையாடியது என் கைப்பேசியில்தான் என்பதால், இது நான் பார்த்தது. விளையாடுபவர் ஜப்பான் நாட்டில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குப் புதிதாக வந்து சேரும் மாணவர். காலையில் ரயிலேறிப் பள்ளிக்குப் போக வேண்டும். பாடம் நடக்கும்போது ஆசிரியர் திடீரென்று பெயர் சொல்லி எழுப்பி ஒரு கேள்வி கேட்பார். திரையில் நான்கு விடைகள் தோன்றும். சரியாகச் சொன்னால் "அறிவு" என்ற அளவு கொஞ்சம் உயரும். தவறாகச் சொன்னால் வகுப்பு முழுவதும் சிரிக்கும். அந்தச் சிரிப்பு நன்றாகவே கேட்கிறது. பருவ முடிவில் தேர்வு உண்டு. தரப்பட்டியலை நடைபாதைச் சுவரில் ஒட்டுகிறார்கள்; அதில் கடைசியில் வந்தாலும் சிரிப்புதான். விளையாட்டுக்கென்று தனி நாட்காட்டி இருக்கிறது. அதில் டிசம்பர் 17 அன்று தேர்வு. விளையாடும் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வி, ஒரே விடை.

4. என் மகள் இதை ஒரு முறை விளையாடி முடித்தவள். அவளுடைய வகுப்புத் தோழிகள் நால்வர் இப்போது விளையாடி வருகிறார்கள். அவர்களில் முத்துசெல்வி என்ற பெண் உண்மை வகுப்பில் எழுந்து நின்றால் வாய் திறக்காதவள். எனக்குத் தெரிந்தவரை அமைதியான, நன்றாகப் படிக்கக்கூடிய பெண். கைப்பேசிக்குள் இருக்கும் வகுப்பு சிரித்தபோதும் அவள் அதை மூடி வைத்துவிட்டாள் என்றும், அவளுக்காகவே விடைகளைத் தொகுத்ததாகவும் என் மகள் கூறுகிறாள். "அங்கயாவது அவளப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுல்லாம்மா" என்பது அவள் சொன்ன வாசகம். தலைமையாசிரியை அவர்களின் கேள்விக்கு இதை விடையாக நான் முன்வைக்கவில்லை. என் மகள் சொன்னதாக மட்டும் பதிவு செய்கிறேன்.

5. அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தகவல் இது: "17ஆம் தேதி பரீட்சைக்கு. 1-இ, 2-அ, 3-அ, 4-ஈ" என்று தொடங்கி பதினைந்து வரை. கடைசியில், "அந்த நாள் வந்த பெறவு மட்டும் பாருங்க. வேற யாருக்கும் அனுப்பாதீங்க." கதை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ருசி போய்விடும் என்பதற்காகச் சேர்த்த வரி அது. விளையாட்டின் பெயரை அவள் எழுதவில்லை. ஐந்து பேருக்கும் தெரிந்த ஒன்றின் பெயரை எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அது தவறென்றால், அந்தத் தவறை ஏற்கிறோம்.

6. முத்துசெல்வியின் கைப்பேசி அவளுடைய தாயாருக்கும் பொதுவானது. பள்ளியின் அரையாண்டு இயற்பியல் தேர்வும் டிசம்பர் 17 அன்றுதான். இயற்பியலில் ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினைந்து. தகவலைப் பார்த்த தாயார் அதைத் தனிப்பயிற்சி நடத்தும் திரு. சக்திகுமாரிடம் கொண்டுபோய், "அண்ணாச்சி, இது என்னன்னு பாருங்க" என்று காட்டியிருக்கிறார். அவர் பார்த்துவிட்டு, "யாருட்டயும் மூச்சு விட்றாதீங்க" என்றாராம். இதை அந்தத் தாயாரே என்னிடம் அழுதுகொண்டு சொன்னார். முத்துசெல்வி காய்ச்சலில் படுத்திருந்ததால் மறுநாள் பயிற்சிக்குப் போகவில்லை. போயிருந்தால், அது விளையாட்டின் விடை என்று சொல்லியிருப்பாள். இம்மனுவுக்குத் தேவை இருந்திருக்காது.

7. திரு. சக்திகுமார் தம்மிடம் பயிலும் பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்து, இ அ அ ஈ என்று பாட்டுப்போல் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்வித்தார். எந்தக் கேள்விக்கான விடை என்று அவரும் கேட்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. தேர்வில் அவர்கள் பதினைந்து வினாக்களையும் படித்துப் பார்க்காமலே எழுதினார்கள். வழக்கமாகப் பன்னிரண்டு, பதின்மூன்று எடுக்கும் பிள்ளைகள் அனைவரும் நான்கு எடுத்தார்கள். அத்தனை விடைத்தாள்களிலும் அதே நான்கு சரி, அதே பதினொன்று தவறு. இவை பள்ளி நடத்திய விசாரணையில் வெளிவந்தவை; தகவல் என் மகளிடமிருந்து வந்தது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

8. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் பதினைந்தில் ஏறக்குறைய நான்கு சரியாகவே வரும். கசிந்த வினாத்தாளின் விடைகள் இப்படி இருக்க முடியாது. இதை நான் சொன்னபோது, விசாரணைக்கு வந்திருந்த திரு. சக்திகுமார், "கசிஞ்சது தெரிஞ்சதும் கடைசி நேரத்துல பேப்பர மாத்திட்டாங்க, அதான்" என்றார். மாற்றவில்லை என்று பள்ளியே சொல்கிறது. ஆனாலும் அவர் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பொருந்தினால் கசிவு, பொருந்தாவிட்டால் மாற்றப்பட்ட கசிவு என்றால், என் மகள் எதைக் காட்டி அதை மறுப்பது? எந்தச் சோதனையாலும் பொய்யென்று காட்ட முடியாத ஒரு கூற்றை எங்கள் பரிசோதனைக் கூடத்தில் பொட்டலத்தோடு குப்பையில் போடுவோம்.

9. விளையாட்டைத் திறந்து காட்டினால் போதும் என்று என் மகள் கேட்டாள். பள்ளி வளாகத்துக்குள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது விதி என்று மறுக்கப்பட்டது. கைப்பேசியில் செய்த குற்றம் என்கிறார்கள். அதே கைப்பேசியில் உள்ள சான்றைப் பார்க்க விதி இடம் தரவில்லை என்கிறார்கள். வெளியே எங்காவது வைத்துப் பார்க்கலாம் என்றேன். "ஸ்கூலுக்குள்ள பரீட்ச நடத்துத கேம்னா, யாரு காசு குடுத்து வாங்குவா? பிள்ள சொல்லுதத அப்படியே நம்பாதீங்க" என்று தலைமையாசிரியை அவர்கள் சொல்லிவிட்டார்.

10. அதன்பின் தலைமையாசிரியை அவர்கள் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை என் மகளின் முன் வைத்தார். "அரையாண்டுத் தேர்வின் விடைகளை முன்கூட்டியே பெற்றுப் பரப்பினேன், மன்னிக்கவும்" என்பது அதன் சாரம். "ஒரு கையெழுத்துதான. போட்டுட்டா ஃபைல மூடிருவோம். இல்லன்னா பிராக்டிகலுக்கு அனுப்ப முடியாது" என்றார். அவரைக் கெட்டவர் என்று நான் கூற வரவில்லை. கசிவு என்ற சொல் செய்தித்தாளில் வந்தால், பொதுத்தேர்வு மையத்தையே பள்ளி இழக்க நேரிடும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒரு கையெழுத்து தேவைப்படுகிறது. அதற்காக என் மகளின் பெயர் கேட்கப்படுகிறது.

11. கடிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டாள். வீடு வந்தபின், "வேதியியல் ரெக்கார்டுல இன்னும் ரெண்டு சோதனை எழுதணும். எழுதவா வேண்டாமாம்மா?" என்று கேட்டாள். எழுது என்றேன். எந்த நம்பிக்கையில் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

12. செய்முறைத் தேர்வு வரும் வெள்ளிக்கிழமை, 07.02.2025 அன்று தொடங்குகிறது. அதைத் தவறவிட்டால் பொதுத்தேர்வில் அந்தப் பாடங்களில் தேர்ச்சி பெற வழியில்லை. வேளாண் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அதுவும் இந்த ஆண்டு நடக்காது.

ஆகவே, தாங்கள் அந்த விளையாட்டின் வகுப்பறையைத் தங்கள் முன்னிலையில் ஒரு முறை திறந்து பார்க்குமாறும், விடைகளை ஒப்பிட்டுக் கசிவு நடந்ததா என்பதை எழுத்துமூலம் முடிவு செய்யுமாறும், அதுவரை கையெழுத்து எதுவும் கேட்காமல் என் மகளைச் செய்முறைத் தேர்வுக்கு அனுமதிக்கப் பள்ளிக்கு ஆணையிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பார்த்தபின் தங்கள் முடிவு எனக்கு எதிராக இருந்தால் ஏற்றுக்கொள்வேன். பார்க்காமல் எடுத்த முடிவை ஏற்க இயலாது.

இடம்: கோவில்பட்டி
நாள்: 03.02.2025

இப்படிக்கு,
(ஒப்பம்) இரா. சுதாராணி

கூடுதல் பதிவு (04.02.2025)

மேற்கண்ட மனுவை நேற்று எழுதி முடித்தேன். தங்கள் அலுவலகத்தில் கொடுக்கும் முன் ஒரு படியைத் தலைமையாசிரியை அவர்களிடம் தருவது முறை என்று எண்ணி, இன்று காலை மகளுடன் பள்ளிக்குச் சென்றேன். அங்கு நடந்ததை இங்கே சேர்க்கிறேன்.

அவர் மனுவை முழுவதும் படித்தார். சிறிது நேரம் கழித்து இயற்பியல் ஆசிரியரையும் விலங்கியல் ஆசிரியையையும் வரவழைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். "ஒங்க போன்லதான இருக்கு? பெத்தவங்க போனுக்கு ரூல் கெடையாது. காட்டுங்க பாப்போம்" என்றார்.

என் மகள், இரண்டாம் முறை விளையாடிப் பாதியில் நிறுத்தியிருந்த இடத்திலிருந்து தொடங்கிக் கைப்பேசியை அவர் கையில் கொடுத்தாள். விளையாட்டில் வரும் ஆசிரியர் பெயர் சொல்லி எழுப்பினார். ஸ்பெயின் நாட்டில் காளைமாட்டை அடக்குபவர் சிவப்புத் துணியை ஆட்டும்போது காளையைச் சீறவைப்பது எது என்பது கேள்வி. தலைமையாசிரியை அவர்கள் தயங்காமல் "சிவப்பு நிறம்" என்பதைத் தொட்டார். துணியின் அசைவு என்பதே சரியான விடை. கைப்பேசிக்குள் வகுப்பு முழுவதும் சிரித்தது. அறையில் யாரும் சிரிக்கவில்லை. விலங்கியல் ஆசிரியைக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை அவர்கள் என் மகளை நிமிர்ந்து பார்த்தார். "ஏட்டி, ஒனக்குத் தெரியும்லா? பக்கத்துலதான நிக்க. ஏன் சொல்லல?"

"சொன்னா, சொல்லிக்குடுத்தேன்னு எழுதி வாங்குவீங்க, டீச்சர்."

அவர் பார்வையைக் கைப்பேசிக்குத் திருப்பினார். பிறகு அவர், "அடுத்தத வரச் சொல்லு" என்றார்.

அடுத்த பாடவேளைக் கேள்வி: பெட்டியில் உரசினால் மட்டுமே பற்றும் தீக்குச்சிக்கு, சிவப்புப் பாஸ்பரஸ் எங்கே இருக்கும்? தலைமையாசிரியை அவர்களின் கணவர் குடும்பம் தீப்பெட்டி ஆலை நடத்துவது. "எங்க வீட்டுலயே வந்து கேக்கான் பாரு" என்றார். நான்கு விடைகளையும் படித்து முடிக்கும் முன்பே பெட்டியின் பக்கப்பட்டை என்பதைத் தொட்டுவிட்டார். விளையாட்டில் வரும் ஆசிரியர் பாராட்டினார். மணி ஒலித்து, "அறிவு" உயர்ந்ததாகத் திரையில் வந்தது. அவர் முகம் மலர்ந்ததை நாங்கள் நால்வரும் பார்த்தோம். அடுத்த கேள்விக்கு யாரும் சொல்லாமல் அவரே திரையைத் தொட்டார்.

முதல் பத்தியில் உள்ள கேள்விக்கு இது விடையாக இருக்கலாம். ஒரே ஒரு மாதிரியைக் கொண்டு முடிவு எழுதும் வழக்கம் எனக்கில்லை.

பள்ளி மணி அடித்ததும் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். என் மகளிடம், "வெள்ளிக்கிழம ரெக்கார்டு நோட்ட மறந்துறாத" என்றார். அவள் தலையசைத்தாள். அனுமதியை எழுத்தில் தரும்படி நான் கேட்டேன். "அதான் சொல்லிட்டேன்லாம்மா" என்றார். தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம் அதே மேசையில் இருந்தது. அதைக் கிழித்துவிடும்படியோ என்னிடம் கொடுக்கும்படியோ கேட்டேன். "அது கெடக்கட்டும், ஃபைல்ல" என்று எடுத்து உள்ளே வைத்தார்.

அக்கடிதத்தில் என் மகளின் பெயர் தட்டச்சாகியுள்ளது. கையெழுத்துக்கான இடம் காலியாக உள்ளது. அந்தத் தாள் கோப்பில் இருக்கும்வரை இம்மனுவை நான் திரும்பப் பெறுவதாக இல்லை. ஒரு வார்த்தையும் மாற்றாமல் இன்று பிற்பகல் தங்கள் அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்கிறேன்.

(ஒப்பம்) இரா. சுதாராணி
04.02.2025