அறுநூறு எண்ணி எழுப்பு

86 மே 5, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. குழாயில் தண்ணீர் இல்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மதியம் பேக்டரியில் நீராவிக் குழாய் வெடித்தது. ஸ்ரீரங்கத்துப் பிட்டர் குமரேசன் முகம் வெந்துவிட்டது. புத்தூர் ஆஸ்பத்திரி. பாய்லர் சூடு ஏறினால் மணி அடிக்க வேண்டியது என் சின்னவன் அருள் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம். அடிக்கவில்லை.

கேட்டில் குமரேசனின் தம்பி அருளைத் தள்ளி மிதித்திருக்கிறான். "படிச்ச நாயே, எங்கண்ணன் மூஞ்சியக் கொண்டா!" இடது கண் மூடிவிட்டது. இரண்டு பல் போச்சு.

மே 6, செவ்வாய்

அந்த முகத்தோடு அருள் காலையில் போய்த் தேடியிருக்கிறான். அவன் புரோகிராமில் எதுவும் மாறவில்லை. மாறியது அடியில். கம்ப்யூட்டரின் அடிப் புரோகிராம் பெரியவன் அமல் பொறுப்பு. மேலே ஓடுவதெல்லாம் அதைக் கேட்டுத்தான் ஓட வேண்டும். அருளுடையது சூட்டைப் பார்க்கும், "அறுநூறு எண்ணி எழுப்பு" என்று அடியில் சொல்லிவிட்டுத் தூங்கும். விநாடிக்கு அறுபது எண்ணும், அறுநூறு என்றால் பத்து விநாடி. போன சனிக்கிழமை அமல் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு விநாடி என்று மாற்றிவிட்டான். அறுநூறு பத்து நிமிடம் ஆயிற்று. அது தூங்கும்போதே குழாய் வெடித்தது.

சாப்பிடும்போது சண்டை.

"கம்ப்யூட்டர் புக்ல செகண்டுன்னுதான்டா இருக்கு. பழசு தப்பு. சரி பண்ணேன்."

"தப்போ சரியோ, நாலு வருஷமா அப்படித்தானே எழுப்புச்சு? அத நம்பித்தானேண்ணே எழுதுனேன்! ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ புக்கப் படிச்சிருக்கணும்."

அருள் ரசச் சட்டியை எறிந்தான். அமல் நெற்றி பிளந்தது. அவன் அருள் கழுத்தைப் பிடித்தான். விறகுக்கட்டை எடுத்து இருவரையும் அடித்தேன். ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்ட கை. இன்னும் பலம் இருக்கிறது.

மே 8, வியாழன்

குழாய் வெடித்ததற்கு அருளைப் போலீஸ் கூட்டிப்போனது. அமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கு மறதி கிடையாது. அருள் வேலைக்குச் சேர்ந்த அன்று, மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தோம், அமல் சொன்னான்: "நீ மேல என்ன வேணா கட்டுடா. அடில நான் அசைய மாட்டேன்." அதை அப்படியே அவனிடம் சொன்னேன்.

"இப்ப எதுக்குப்பா அது?"

"அவன் லாக்கப்புல கெடக்கட்டும். நீ புக்கக் கட்டிகிட்டு அழு." காறித் துப்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மே 9, வெள்ளி

அமல் புத்தூருக்குத்தான் போயிருக்கிறான். குமரேசன் கட்டிலருகே நின்று, "எந்தம்பி இல்லீங்க. மாத்துனது நான்." குமரேசனின் தம்பி இவன் வலக்கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருக்கிறான். மூன்று விரல் நசுங்கிவிட்டது. அதே கையோடு ஸ்டேஷனுக்கும் போய்ச் சொல்லிவிட்டான்.

மே 11, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இருவருக்கும் ஜாமீன். சரி செய்யாமல் பாய்லர் பற்றவைக்கக் கூடாதாம். கம்ப்யூட்டர் அறை வாசலில் நான், தூக்குச்சட்டியோடு. அமலுக்குக் கை இல்லை, சொல்கிறான். அருளுக்கு ஒரு கண், தட்டுகிறான்.

"பழசு பழசாவே எண்ணட்டும். செகண்டுக்குப் புதுசா ஒண்ணு போடு."

"என்ன பேருண்ணே?"

"எதையாச்சும் வை. பழசத் தொடாத."

மணி அடித்துப் பார்த்தார்கள். அடித்தது.

புத்தூரிலிருந்து ஆள் வந்தான். குமரேசனுக்குக் கட்டு அவிழ்த்தார்களாம். "லைட்டப் போடுங்க" என்றானாம். உச்சி வெயில்.