எழுபத்தொன்பது எழுத்துப் பெயர்

பைசாந்து,
பிப்ரவரி 9

அன்புள்ள நெலிதாவுக்கு,

ஸ்பெயினில் குளிர் எப்படி? இங்கே கோடை, நாற்பத்தொரு டிகிரி. என் தொப்பை இன்னும் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. மருந்தகத்து நோர்மா மூன்றாம் முறையாகக் கல்யாணம் செய்துகொண்டாள், அதே ஆளை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நீ நம்பினால் எனக்கு நிம்மதி.

நம் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் வைக்கும் குளிர் அறை புதிதாக வந்தது. கண்காணிப்பு மென்பொருளில் அதற்கொரு பெயர் கொடுக்க வேண்டும். நான் சும்மா இருப்பேனா? இயக்குநரின் முழுப்பெயரையே வைத்தேன். டாக்டர் பட்டம், இரண்டு புனிதர்கள், நான்கு குடும்பப் பெயர்கள். மொத்தம் எழுபத்தொன்பது எழுத்து. மாத்தே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. "ஆளு மாதிரியே அதுவும் ஜில்லுன்னு இருக்குய்யா" என்றான் கண்காணிப்புத் திரையைப் பார்த்துக்கொள்ளும் வால்தெமார். இயக்குநர் மட்டும் பெருமையோடு என் கையைக் குலுக்கினார்.

இரண்டு வருஷத்துக்கு முன், இந்த மென்பொருளைச் சோதித்துவிட்டு, நீ மின்னஞ்சலில் எச்சரித்தாய். அபாயச் செய்தியில் பெயருக்கு இருப்பது அறுபத்து நான்கு எழுத்து இடம், மென்பொருள் நீளத்தை அளப்பதில்லை, மிஞ்சியது பக்கத்து நினைவகத்தில் வழிந்து மென்பொருளையே கொன்றுவிடும் என்று. "அவ்வளவு நீளப் பேரு எந்தக் கிறுக்கன்டி வைப்பான்?" என்று பதில் போட்டேன். அந்தக் கிறுக்கன் கிடைத்துவிட்டான்.

போன சனிக்கிழமை மதியம் குளிர் அறை நின்றது. சூடு ஏறியதும் மென்பொருள் அபாயச் செய்தி எழுதப் போனது. பெயரை எழுதும்போதே செத்தது. திரையில் கடைசியாக வந்த பச்சை விளக்கும் நான்கு டிகிரியும் அப்படியே நின்றன. வால்தெமார் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான்.

ஞாயிறு காலை, நம் வாசலில் பலகாரம் விற்கும் சுல்மாவுக்குப் பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. குளிர் அறையைத் திறந்தால் ஒரு ரத்தப் பைகூடத் தேறவில்லை. குழந்தை மட்டும் இருக்கிறது.

ஊர் வால்தெமாரைத்தான் பிய்க்கிறது. "பச்சையப் பாத்துக்கிட்டே தூங்குனியாடா?" என்று கிளப்பில் கேட்கிறார்கள். "முழிச்சுத்தான் இருந்தேன். பச்சைதான் எரிஞ்சுது" என்று சொல்லிச் சொல்லி அவன் ஓய்ந்துவிட்டான். வரும் செவ்வாய்க்கிழமை விசாரணை. வேலை போவது நிச்சயம், சிறையும் இருக்கலாம்.

திங்கள் காலை, யாரும் வருமுன் நான் அந்தப் பெயரை 'குளிர் அறை இரண்டு' என்று மாற்றினேன். பழைய பெயர் பதிந்த கோப்புகளை அழித்தேன். உன் மின்னஞ்சலையும் அழித்தேன். அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. என்னைத் தெரிந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். நேற்று இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எபெர், ஒரு பொம்பளை செத்திருக்கா. இன்னைக்காவது உன் வேடிக்கைய நிறுத்து" என்று கதவைச் சாத்தினார். இருபது வருஷமாக எல்லோரையும் சிரிக்க வைத்ததற்குக் கிடைத்த கூலி.

உன்னிடம் அந்த மின்னஞ்சல் இருக்கும். நீ எதையும் வீசுகிறவள் இல்லை. அதை விசாரணைக் குழுவுக்கு நேரே அனுப்பு. முகவரியை இதோடு இணைத்திருக்கிறேன். எனக்கு அனுப்பாதே, செவ்வாய்க்குள் நான் எப்படி மாறுவேனோ தெரியாது. அதன் கீழே இருக்கும் என் பதிலை, பழகிய தோஷத்துக்காக, வெட்டிவிடாதே.

நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்
எபெர் லரோசா