வாசல் விளக்குக்கு வந்த சாம்பல் அந்துப்பூச்சி

இன்று வேலை முடிந்து ரிங்வுட் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்து, வெகு நாளைக்குப் பிறகு வாசல் விளக்கைப் போட்டேன். சாவித்துவாரம் தெரியவில்லை, அவ்வளவுதான். உள்ளே போய்க் கோட்டைக் கழற்றிவிட்டு, காலையில் எடுக்க மறந்த பால் பாட்டிலுக்காக மறுபடி வெளியே வந்தபோது அது பலகைச் சுவரில் உட்கார்ந்திருந்தது. ஒடுங்கிய சாம்பல் சிறகு, நீளவாக்கில் கறுப்புக் கோடுகள். நம் அந்துப்பூச்சி.

நாம் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இதே விளக்கடியில்தான் நீ என்னைக் கூப்பிட்டாய். "என்னங்க, ஓடி வாங்க! நமக்கே பல்லு கிட்டிக்குது, இந்தக் குளிர்ல ஒரு பூச்சி பறக்குது!" ஊட்டியில் வளர்ந்தவளுக்கே ஆச்சரியம். வேலிக்குப் பின்னால் இருந்த மரங்களைக் காட்டி, "எங்க ஊர் வாட்டில் மரந்தான். அங்கேருந்துதான் வருது" என்று நீயே முடிவுகட்டினாய்.

நான் வொர்க்‌ஷாப்பிலிருந்து வெர்னியர் கொண்டுவந்து சிறகை அளந்தேன். அடுத்தடுத்து வந்த இரண்டில், ஒன்றுக்கு உணர்கொம்பு சீப்பு மாதிரி. இன்னொன்றுக்கு வெறும் நூல். இரண்டும் வேறு இனம் என்று சொல்லி, இரண்டு தாளில் தனித்தனியாகப் படம் வரைந்தேன். மறுவாரம் காலையில் அவை இரண்டும் வால் ஒட்டி அதே சுவரில் இருந்தன. நீ சிரித்த சிரிப்பு!

"புருஷன் பொண்டாட்டிய வேற வேற ஜாதின்னு பிரிச்சு வச்சிட்டீங்களே, இன்ஜினியர் சார்!"

நூலகப் புத்தகம் அதை க்ளீனியாஸ் என்றது. சீப்புக்கொம்பு ஆணுக்கு, இருட்டில் பெண்ணின் வாசனையைப் பிடிக்க. அதைப் படித்துக் காட்டியதும் நீ எழுந்துபோய் விளக்கை அணைத்தாய். "பார்த்தாச்சுல்ல? வெளிச்சத்தையே சுத்திட்டுக் கெடந்தா அது எப்பப் போய்த் தேடும்?" அப்புறம் அதுவே நம் பழக்கமானது. இன்னதென்று தெரிந்ததும் விளக்கை அணைத்துவிடுவோம்.

மார்ச்சில் நீ போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. வேலைக்குப் போகிறேன். வரைபடங்கள் பிழையில்லாமல் வருகின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த உன் நீலக் கம்பளிச் சட்டையில் முகத்தை வைத்துப் பார்க்கிறேன். அதில் இப்போது கம்பளி வாசனைதான்.

இன்று குனிந்து பார்த்தேன். சீப்பு. "ஆண்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

விளக்கை அணைத்தேன். தெருவெளிச்சத்தில் அது கொஞ்ச நேரம் சிறகை நடுக்கிச் சூடேற்றிக்கொண்டது. பிறகு மரங்கள் பக்கம் போய்விட்டது. அதற்குப் போக ஒரு திசை இருக்கிறது. என்னிடம் உன் பழக்கம் மட்டும் இருக்கிறது, விளக்கை அணைக்கும் பழக்கம். பால் பாட்டிலைப் பிடித்தபடி இருட்டிலேயே நின்றேன். உள்ளே போக ஒரு காரணம் கிடைக்கவில்லை.