பதினாலாம் நம்பர் நத்தை

அனுமந்தன்பட்டி,
ஜனவரி 30

அன்பு மகள் ஷெரினுக்கு, உன் அப்பா சூசைமுத்து சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு பால்வாடி டீச்சர் ஜோதிலட்சுமி எழுதுவது. சர்வேசுரன் கிருபையில் நான் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை முந்தாநாள் உன் வாயாலேயே கேட்டுவிட்டேன். அதனால் இந்தக் கடிதத்தில் அதைக் கேட்கவில்லை.

நீ கேட்ட நோட்டு இத்தோடு கூரியரில் கோவாவுக்கு வருகிறது. நானே சின்னமனூர் போய்ப் போடப்போகிறேன். நோட்டைப் பார்த்தால் உனக்குக் கோபம் வரும். அதற்கு முன்னால் இதை வாசித்துவிடு. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று போனில் சொன்னது பொய். அது எங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியும். நான்தான் அதைப் புதைத்தேன்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் நீ போன் பண்ணினாய். பாம்பன் பக்கம் கடலில் நீ பிடித்துக்கொண்டுபோன ஓடில்லாத நத்தைகளுக்குள் வைரஸ் இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டோம், அதிலும் பதினாலாம் நம்பரில் இருப்பது இதுவரை யாருமே பார்க்காதது என்றாய். குரல் படபடவென்று வந்தது. சந்தோஷமா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்பப் போட்டால் கிடைக்கவில்லை.

முப்பத்தோரு வருஷம் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் நான் கட்டே நோய் பிடித்த செடியைப் பிடுங்குகிற ஆள். இலையில் வெளிறின கோடு விழுந்தால் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. தூரோடு பிடுங்கி, உலுக்காமல் தூக்கிப்போய்க் குழியில் போட்டு மூடவேண்டும். நின்று யோசித்தால் பக்கத்துத் தூருக்குப் போய்விடும். கங்காணி அம்மாவாசி சொல்வார், "கண்டா மொதல்ல குழிய வெட்டு, பெறகு கஞ்சியக் குடி" என்று. கை பழகிய வேலை. கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீ விட்டுப்போன பை அலமாரிக்கு அடியில் இருந்தது. ரப்பர் செருப்பு, சின்ன வலை, நோட்டு எல்லாவற்றையும் உரச்சாக்கில் கட்டினேன். முருங்கைக்குப் பக்கத்தில் இடுப்பளவு குழி வெட்டி, உள்ளே போட்டு, சுண்ணாம்பைக் கொட்டி மூடினேன். அன்றைக்கு நான் கஞ்சியும் குடிக்கவில்லை.

கிறுக்குத்தனம் என்பாய். உன் அம்மா ரோசம்மாள் கொரோனாவில் செத்துப்போன வருஷம் நீ வரமுடியாமல் அங்கனயே மாட்டிக்கொண்டாய். நான்தான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். வியாழக்கிழமை, மதியம் இரண்டே கால். பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அன்றைக்குப் பிறகு இந்த வைரஸ் என்ற சொல்லை நான் வாயில் எடுத்ததே இல்லை.

மறுநாள் நீ போன் பண்ணினபோதும் என்னால் நேராகக் கேட்க முடியவில்லை. சாப்பிட்டாயா, காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று பதினோரு நாள் கேட்டேன். என்னப்பா புதுசா இருக்கு என்று சிரித்தாய். முந்தாநாள்தான் நோட்டைக் கேட்டாய். பதினாலை எந்த இடத்தில் எடுத்தது என்பது அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது, அது தெரியாவிட்டால் மறுபடி அங்கே போய்த் தேட முடியாது, ஒரு வருஷத்துப் பாடு வீண் என்றாய். எனக்கு உன் நோட்டா முக்கியம்? அந்த வைரஸ் உன்னை என்ன செய்யும் என்று அப்போதுதான் வாய்விட்டுக் கேட்டேன்.

நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "அது நத்தையோட வைரஸ்ப்பா. எனக்கு ஒண்ணுமில்ல. வைரஸ் இருந்தாலே நோயின்னு அர்த்தமில்ல, அந்த நத்தைக நல்லாத்தான் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சுக." நத்தையின் மரபணுவை மெஷின் எழுத்தெழுத்தாக வாசிக்கும், மொத்தமே நாலு எழுத்துதான், அதில் நத்தைக்குச் சேராத வரி தட்டுப்பட்டால் அது வைரஸின் வரியா என்று ஒப்பிட்டுப் பார்ப்போம், இதுவும் அப்படி அகப்பட்டதுதான் என்றாய். போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு எழுத்துகூடத் தெரியாதவன் மண்வெட்டியைத் தூக்கியிருக்கிறேன். அழுதேனா சிரித்தேனா என்று ஜோதிலட்சுமியைத்தான் கேட்கவேண்டும். இரண்டும் என்கிறாள்.

உடனே குழியைத் தோண்டினேன். சாக்குக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் இறங்கியிருந்தது. நீ பென்சிலில் எழுதியதால் எழுத்து அழியவில்லையாம். நடுவில் ஒரு தாள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அவசரப்பட்டு இழுத்ததில் அது கூழாகிவிட்டது. ஜோதிலட்சுமி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணுல இருந்து பதினாறு வரைக்கும் காணோம் பெருசு" என்றாள்.

அப்புறம்தான் டிசம்பர் இருபத்தேழு ஞாபகம் வந்தது. நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். அப்படி என்னதான் எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு நீ முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினாய். எழுதத் தெரியாதவனுக்குக் காதில் விழுந்ததை வேறெங்கே வைத்துக்கொள்ள முடியும்? நான் சொல்கிறேன், எழுது என்றேன். ஜோதிலட்சுமி நம்பவில்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாம் நம்பரைக் கேட்டாள், இருபதைக் கேட்டாள். இரண்டும் சரியாக இருந்தது. "ரேசன் கார்டு நம்பரக் கேட்டா மட்டும் முழிக்கிறீக" என்றாள். அது என் மகள் வாசித்துக் காட்டினது இல்லையே.

பதினொன்று: கறுப்பு, மஞ்சள் கரை, விரல் நீளம், பெரிய பாறைக்குத் தெற்கே. பன்னிரண்டும் பதிமூன்றும் ஒரே குழியில், பாசியின் மேல், இலை மடித்த மாதிரி இருந்தவை. பதினாலு: வெள்ளை உடம்பு, முதுகில் ஊதாப்புள்ளி ஒன்பது, உடைந்த வள்ளத்துக்கு நேர் கிழக்கே நாற்பது காலடி, முழங்கால் தண்ணீர், நவம்பர் பதினேழு, காலை ஆறு பத்து. இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு, இங்கனதான் வழுக்கி விழுந்தேன் என்று முட்டியைக் காட்டினாய். பதினைந்து: பதினாலு மாதிரியே, ஆனால் புள்ளி இல்லை, பக்கத்துக் குழி. பதினாறு கிடையாது. நம்பர் போட்டபிறகு அது நழுவிப்போய்விட்டது, அந்த வரியை அடித்துவிட்டேன் என்றாய். உன்னிடம் போட்டோ இருக்குமே, புள்ளியை எண்ணிப் பார். ஒன்பது வரும்.

குழியை வெறுமனே மூட மனசில்லை. நல்ல மண் போட்டு ஒரு தென்னம்பிள்ளை வைத்திருக்கிறேன். வலையை நோட்டோடு வைத்துக் கட்டியாயிற்று. ரப்பர் செருப்பை இரண்டு தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். அடியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, விழாமல் என்ன செய்வாய்? அதை அனுப்பவில்லை. அது இங்கன வாசலிலேயே கிடக்கட்டும். நீ வந்து எடுத்துக்கொள். அதுவரை புதுச் செருப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொள் ஆத்தா. தண்ணீரில் இறங்கும்போது பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு இறங்கு.

உன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா சூசைமுத்து
(இடது கைப் பெருவிரல் ரேகை)