துப்பாக்கியின் உதையை அடக்கிய படலம்

மச்சான்,

இன்று காலை அரூர் சந்தையில் மெத்தைக்காரன் ஒருவன் இலவம்பஞ்சை அடித்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு இழை, ஒரே ஒரு இழை, காற்றில் மிதந்து வந்து அத்தனை கூட்டத்திலும் என் மூக்கைத் தேடிப் பிடித்து உள்ளே புகுந்தது. நான் போட்ட தும்மலில் சேலம் போகிற பஸ் டிரைவர் இல்லாமலே கிளம்பப் பார்த்தது. மிளகாய் வியாபாரி மழை என்று நினைத்துச் சாக்கை இழுத்து மூடினான். எனக்கோ உன் ஞாபகம் வந்துவிட்டது.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. நீ இருக்கிற இடத்தில் தபால் ஆபீஸ் உண்டோ இல்லையோ, எழுதுகிறேன். சித்தேரி மலையில் இருந்தபோதும் என் கடிதம் எதற்கும் நீ பதில் போட்டவன் இல்லை. ஆகையால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியப்போவதில்லை.

உன் துப்பாக்கியைப் பற்றி மலையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் என்னைப் போல் உண்மையை விரிவாக எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. உன் அப்பன் காலத்துத் துப்பாக்கி. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, துணியைத் திணித்து, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். உயரம் உன்னைவிட ஒரு சாண் அதிகம், கோபம் உன்னைவிட ஒரு கஜம் அதிகம். நீ சித்தேரியில் அதை வெடித்தால் வத்தல்மலையில் கறந்துகொண்டிருக்கிற பால் சொம்பிலேயே தயிராகிவிடும். முன்பக்கம் நிற்கிற பன்றிக்கு ஆபத்தா, பின்பக்கம் நிற்கிற உனக்கு ஆபத்தா என்பதை அந்தத் துப்பாக்கி கடைசி நிமிஷம் வரை வெளியே சொல்லாது.

இருபது குடும்பத்துச் சாமைக்காட்டுக்கு நீ காவல். சாயங்காலம் மருந்து கெட்டித்துக்கொண்டு பரண் ஏறுவாய். பன்றி வந்தால் வெடி. வராவிட்டாலும் விடிந்ததும் ஒரு வெடி உண்டு. கெட்டித்த மருந்தை அப்படியே விட்டால் பனியில் நமுத்துப்போகும் என்பதால் வந்த வழக்கம் அது. ஆனால் மலைக்காரர்கள் அதற்கு வேறு அர்த்தம் வைத்துவிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டால் காவல்காரன் உசுரோடு இருக்கிறான், பெண்டாட்டி கூழ்ப்பானையைத் தூக்கலாம் என்று அர்த்தம். எதிர்ச்சரிவில் காவல் இருந்த உன் பங்காளி சடையன் பதிலுக்கு ஒன்று வெடிப்பான். எந்தத் துப்பாக்கி யாருடையது என்று மலையில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடியில் பரண் கட்டும்போது நீ விழுந்தாயே, அதற்குக் காரணம் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். புளி மண்டியில் லீவு போட்டுவிட்டு உனக்கு ஒத்தாசையாக வந்தவன், கீழே நின்று ஊர்க்கவுண்டர் கூட்டத்தில் கொட்டாவி விடுகிற மாதிரி நடித்துக் காட்டினேன். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே கீழே வந்தாய், ஏணியை மட்டும் உபயோகிக்கவில்லை. ஊரில் கரடி தள்ளிவிட்டது என்று சொன்னோம். கரடியின் அங்க அடையாளங்களைச் சொல்கிற பொறுப்பை நான் ஏற்றேன். மூன்றாம் நாளுக்குள் அதற்குக் கொம்பு முளைத்துவிட்டது.

வைத்தியர் உளுந்துமாவும் முட்டையும் குழைத்து நாற்பது நாள் கட்டுப் போட்டார். கட்டை அவிழ்த்துத் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "கை சோத்துக்கு ஆவும், துப்பாக்கிக்கு ஆவாது" என்றார். அந்த வார்த்தை வெளியே போகாமல் இருக்க அவர் வாயை ஒரு சுரைக்குடுக்கைத் தேன் ஊற்றி அடைத்தேன்.

ஏனென்றால் சாமை பால் பிடிக்கப் போகிறது, இன்னும் பதினைந்து நாளில் காவல் தொடங்க வேண்டும். சுட முடியாதவனிடம் ஊர் காவலை விட்டுவைக்காது. அது நியாயமும்கூட. உன்னை விட்டால் சடையன். அவன் வாயைத் திறந்தால் பொழுது சாய்வதற்குள் ஏழு புலி சாகும். அவனிடம் உன் காடு போவதை உன்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "காவலு போயிட்டா நான் வூட்டுல குந்திகிட்டு என்ன பண்றது மச்சான்? கோழிய எண்ணறதா?" என்று கேட்டாய்.

அப்போதுதான் நான் விஞ்ஞானியானேன். முயல் பிடிக்கப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு, பகல் நேரத்தில் ஓடைப்பள்ளத்துக்குள் இறங்கி நாம் நடத்திய ஆராய்ச்சிகளை இங்கிலீஷ்காரன் பார்த்திருந்தால் என்னைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருப்பான். முதலில் உன் பெண்டாட்டியான என் தங்கையின் தலையணையிலிருந்து இலவம்பஞ்சை உருவி, மெத்தென்று ஒரு பொதி தைத்து உன் தோளில் கட்டினேன். துப்பாக்கி உதைத்தது. பொதி அந்த உதையை மரியாதையாக வாங்கி, அப்படியே திருப்பி உன் தாடையில் கொடுத்தது. கிழிந்த பொதியிலிருந்து பறந்த பஞ்சு என் மூக்கில் ஏறி, தோளைப் பிடித்துக்கொண்டு நீ பள்ளத்தில் உட்கார்ந்திருக்க, நான் முப்பத்தாறு தும்மல் போட்டேன்.

அடுத்து எடை. கனமான சாமான் சீக்கிரம் நகராது என்பது புளி மூட்டையோடு மல்லுக்கட்டுகிற எனக்குத் தெரியாதா? மண்டியிலிருந்து இரண்டு எடைக்கல்லைக் கடன் வாங்கிவந்து துப்பாக்கிக் கட்டையோடு வைத்துக் கட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, உதை பாதியாகக் குறைந்தது. ஆனால் துப்பாக்கியைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். குழலை என் தோள்மேல் வைத்து நீ வெடித்தாய். அதற்கப்புறம் மூன்று நாள் மண்டியில் யார் என்ன விலை சொன்னாலும் நான் சரி சரி என்று தலையாட்டினேன்.

அந்த அவஸ்தையில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். உன்னைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். உன் தோள் உதைக்கு முன்னாலேயே நோக ஆரம்பித்தது. விசையில் விரல் பட்டதும் கண்ணை மூடினாய், கழுத்தைத் தோளுக்குள் இழுத்தாய், கட்டையைத் தோளிலிருந்து அரை அங்குலம் விலக்கினாய். வரப்போகிற சத்தத்துக்குப் பயந்து நீ விட்ட அந்த இடைவெளியில்தான் துப்பாக்கி ஓடிவந்து மோதியது. சத்தத்தை அடக்கினால் உதை தானாக அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னேன். காதில் பஞ்சை அடைத்தோம். காது கேட்காததால் நீ என்னிடம் கத்திப் பேசினாய், அந்தச் சத்தம் வெடியைவிட மோசமாக இருந்தது. குழலைப் பாறைக்குகைக்குள் நீட்டி வெடித்தோம். சத்தத்தை விழுங்கும் என்று நம்பிய குகை, அதை ஏழு தடவை திருப்பிச் சொன்னது.

கடைசியில் நீயே வழி சொன்னாய். விடிகாலை வெடிக்குப் பன்றியா நிற்கிறது? ஒரு சிட்டிகை மருந்து போதுமே என்றாய். காவல் தொடங்கிய முதல் ராத்திரி கழிந்து விடிந்ததும் பரண்மேல் இருவரும் நின்றோம். வெடித்தாய். டப் என்றது. ஆமணக்கு விதை வெயிலில் வெடித்தால் அதைவிடக் கம்பீரமாக இருக்கும். ஆனால் தோள் நோகவில்லை. நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். ராஜ்யம் பிடித்தவர்கள் மாதிரி இருவரும் வெற்றிலை போட்டோம்.

சடையனின் பதில் வெடி வரவில்லை. கூழும் வரவில்லை.

வந்தது ஊர். முதலில் ஓடைக்கு அந்தப் பக்கம் புதர் அசைந்தது. அதிலிருந்து சடையன் வந்தான். துப்பாக்கியை எங்கேயோ போட்டுவிட்டான். தோளில் இரண்டு மூங்கில், கையில் ஒரு கம்பளி. உன்னைத் தூக்கிப் போகத் தூளி கட்டுவதற்கு. எதிர்ச்சரிவிலிருந்து ஓடியே வந்திருக்கிறான், முட்டியெல்லாம் ரத்தம். பரண்மேல் நீ வெற்றிலை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் அப்படியே சாமைக்குள் உட்கார்ந்து, ஏழு புலி கொன்ற வீரன், சின்னப் பிள்ளை போல அழுதான். பின்னால் ஊர்க்கவுண்டர், அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர், கடைசியில் என் தங்கை. தலையில் வெறும் சும்மாடு இருந்தது, பானை இல்லை. பானையைத் தூக்கி வைப்பதற்கு முன்பே ஓடிவந்திருக்கிறாள்.

சபையைச் சமாளிக்க நான் எழுந்தேன். கடல் கடந்து சண்டை நடப்பதையும், வெடிமருந்துத் தட்டுப்பாட்டையும், ஒவ்வொரு சிட்டிகையையும் மிச்சம் பிடிக்க வேண்டிய பிரஜையின் கடமையையும் எடுத்துச் சொன்னேன். ஊர்க்கவுண்டர் கொட்டாவி விட்டார். நான் நடித்துக் காட்டியது அசலுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது, மச்சான்.

"அதெல்லாம் இருக்கட்டும். முழு மருந்து கெட்டிச்சு ஒண்ணு வெடிப்பா. நாங்க காதுல கேட்டுட்டு வூட்டுக்குப் போறம்" என்றார் உன்னிடம்.

நீ கீழே இறங்கி மருந்து கெட்டித்தாய். அளவு குறையவில்லை. கவுண்டர் பார்த்துக்கொண்டே நின்றார். கட்டையைத் தோளுக்குக் கொண்டுபோனாய், கழுத்து உள்ளே போனது. முடிந்தது, இன்னொரு நிமிஷத்தில் தோளும் கழலும், காவலும் கழலும் என்று நான் கண்ணை மூடப் போனேன்.

என் தங்கை நேராக உன்னிடம் வந்தாள். தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து, இன்னும் இறுக்கமாக ஒரு முறுக்கு முறுக்கி, உன் சட்டைக்குள் தோள் பொருத்தில் வைத்து, கட்டையை அதன்மேல் அழுத்தினாள். ஊர் முழுக்கப் பார்த்தது. பிறகு, அடுப்படியில் நின்று பேசுவது போல ஆரம்பித்தாள்.

"பதினஞ்சு நாளா நான் மணைக்கட்டைய தலைக்கு வெச்சுப் படுத்துகிட்டிருக்கறன். பஞ்சு எங்கீங்கன்னு கேட்டா எலி இழுத்துகிட்டுப் போச்சாம். எந்த ஊரு எலிங்க உறைய மடிச்சு வெச்சுட்டுப் பஞ்ச மட்டும் எடுத்துகிட்டுப் போவும்? அந்த எலி என் அண்ணங்கூடச் சேந்து..."

நீ வெடித்தாய். அவள் பேச்சுக்குப் பதில் சொல்லத் திணறிய வேகத்தில், சத்தம் வரப்போகிறது என்பதையே மறந்து விசையை இழுத்துவிட்டாய். மலை அதிர்ந்தது. உன் தோள் நின்ற இடத்தில் நின்றது. பஞ்சு செய்யாததை, எடைக்கல் செய்யாததை, முறுக்கின பழந்துணியும் பெண்டாட்டியின் திட்டும் செய்தன. என் விஞ்ஞானம் அன்றோடு மலை இறங்கியது.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. தோளில் சும்மாடு வைத்துச் சுடுகிறவனிடம் காவல் இருக்கலாமா என்று கவுண்டர் சடையனைப் பார்த்துக் கேட்டார். அவன் ஒரு வார்த்தை சொன்னால் உன் காடு அவனுக்கு. சடையன் மூக்கைத் துடைத்தான். சட்டையை இறக்கித் தன் தோளைக் காட்டினான். அது நாவற்பழ நிறத்தில் இருந்தது.

"எனக்கும் ஒண்ணு முறுக்கிக் குடு அண்ணி" என்றான்.

அந்த அறுப்புக்குள் மலையில் துப்பாக்கி வைத்திருந்த ஒன்பது பேர் தோளிலும் சும்மாடு ஏறிவிட்டது. ஒன்பது தோளும் பழுதுதான், ஒன்பது பேரும் அதுவரை வெளியே சொல்லவில்லை. நீ மேலும் ஆறு வருஷம் காவல் இருந்தாய்.

கடைசிச் சங்கதியை உன்னிடம் சொல்ல வேண்டும். நாலு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் நீ கெட்டித்து வைத்துவிட்டு, குளிர் எடுக்கிறது என்று பரண் ஏறாமலே வீட்டுக்கு வந்து படுத்தாய். மூன்றே நாள் காய்ச்சல். காரியமெல்லாம் முடிந்தபின் துப்பாக்கியை அரூர் தாலுக்கா ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே நீ கெட்டித்த மருந்து அப்படியே காய்ந்து இருந்தது. வெடிக்காமல் கொடுக்க முடியாது. சடையனைக் கேட்டேன். "அண்ணன் கெட்டிச்சத நான் வெடிக்க மாட்டன் மாமா" என்று போய்விட்டான்.

ஆகவே நான். ஆயுளில் முதல் தடவை. காட்டோரம் நின்றேன். தங்கை சும்மாடு முறுக்கி என் தோளில் வைத்தாள். பக்கத்தில் நின்று திட்ட ஆரம்பித்தாள், என்னை அல்ல. பனியில போவாதீங்கன்னு எத்தன தடவ சொன்னன், கம்பளிய எடுத்துகிட்டுப் போனீங்களா, என்று. நடுவில் எங்கேயாவது இழுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். ஆனால் அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கேட்டவர் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போல.

அந்த அமைதியில் நான் கண்ணை மூடினேன், கழுத்தை உள்ளே இழுத்தேன், கட்டையை அரை அங்குலம் விலக்கினேன். உன்னுடைய எல்லாத் தப்பையும் வரிசையாகச் செய்துவிட்டு விசையை இழுத்தேன். உதைத்தாய் மச்சான்.

தோள் இன்னும் வலிக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது, நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தடவினால் ஒரு வாரத்தில் போய்விடும் என்கிறார்கள். நான் தடவவில்லை.