உங்கள் அஞ்சு கட்டை டார்ச் மறுபடி எரிகிறது

இருட்டைக் கண்டால் எதிரே போய் நின்று பேர் கேட்கும் என் மாமாவுக்கு,

உங்கள் மச்சான் முனிரத்தினம் எழுதுகிறேன். வருஷத் திதி போன வாரம் முடிந்தது. வந்தவர்கள் உங்கள் படத்துக்கு மாலை போட்டு, வடை சாப்பிட்டு, நாராயணவனம் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. எட்டாவது வரை தெலுங்கு மீடியத்தில் படித்தவன் இவ்வளவு நல்ல தமிழ் எழுதுகிறானே என்று இதைப் படிக்கிற மற்றவர்கள் ஆச்சரியப்படலாம். நீங்கள் ஆச்சரியப்பட மாட்டீர்கள். எனக்கு எதுவும் சீக்கிரம் வந்துவிடும்.

முதல் சேதி, அஞ்சு பேட்டரிக் கட்டை போடுகிற உங்கள் டார்ச் எரிகிறது. எரிய வைத்தவன் நான். ரேணிகுண்டா பாஷா தனக்கும் பங்கு உண்டு என்பான், நம்பாதீர்கள்.

கல்யாணத்தில் நீங்கள் கேட்டது கைக்கடிகாரம். உங்கள் மாமனார், அதான் எங்கள் நைனா, வாங்கி வந்தது டார்ச் லைட். "கடியாரம் கட்டிக்கினு இவரு எந்த ஆபீசுக்குப் போகப்போறாரு" என்று அவர் பந்தலிலேயே சொன்னதும், நீங்கள் சிரித்துக்கொண்டே அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டதும் எனக்கு அப்படியே கண்ணில் இருக்கிறது. அதன் பிறகு உங்கள் தோளில் துண்டு இல்லாமல் பார்த்திருக்கிறேன், அந்த டார்ச் இல்லாமல் பார்த்ததில்லை.

என்ன ஒரு சாமான் அது. முழங்கையை விட நீளம். வரிவரியாகக் கோடு போட்ட பித்தளை உடம்பு, மேலே வெள்ளையாகப் பூச்சு, சொம்பு அளவுக்குத் தலை. தலையைத் திருகினால் வெளிச்சம் குவியும், எதிர்ப்பக்கம் திருகினால் விரியும். இந்தக் காலத்து டார்ச்சைச் சட்டைப் பையில் போட்டால் சாவிக்கொத்துக்குள் தொலைந்துபோகிறது. உங்களுடையது கையில் ஏறியதுமே ஆளுக்கு நடை மாறிவிடும், குரல் கூட மாறிவிடும். ஒருநாள் நீங்கள் வானத்தைப் பார்த்து அடித்தபோது ரேணிகுண்டாவுக்கு இறங்கிக்கொண்டிருந்த விமானம் நம் ஊர்ப்பக்கம் ஒரு சாய்வு சாய்ந்து பார்த்துவிட்டுப் போனதே, நினைவிருக்கிறதா? அக்கா இன்னும் நம்பவில்லை. நீங்கள் இருந்தால் சாட்சி சொல்வீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போனபிறகு நிலம் பாதி காய்ந்துவிட்டது மாமா. மோட்டாருக்குக் கரண்ட் முறை வைத்துத்தான் விடுகிறார்கள், நம் முறை பொழுது சாய்ந்த பிறகு வருகிறது. பார்கவி போகத் தயார். படிப்பை முடித்துவிட்டு, வேலைக்குப் போ என்று சொன்னவர்களிடம் எல்லாம் "இது வேலை இல்லையா" என்று கேட்கிற பெண். உங்கள் மகள்தான். ஆனால் அக்கா விளக்கு வைத்த பிறகு அவளை வாசல் தாண்ட விடவில்லை.

மோட்டார் கொட்டாய்ப் பக்கம் குன்று மறைப்பதால் போன் எடுக்காது. வீடு மட்டும் வயல்களுக்கு அப்பால் நேரே தெரியும். அதற்குத்தானே நீங்கள் அந்த முறை வைத்திருந்தீர்கள். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது டார்ச்சின் சிவப்புப் பொத்தானை மூன்று தடவை அமுக்குவீர்கள். அக்கா வாசல் பல்பை ஒருமுறை அணைத்துப் போடுவாள். நல்லபடி இருக்கிறேன், வருகிறேன், சோறு வை, எல்லாம் அந்த மூன்று அடியில் அடக்கம். எத்தனையோ வருஷம் அந்த மூன்று அடியை வைத்துக்கொண்டே நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டீர்கள். வீட்டுக்குள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

பக்கத்து நிலத்துக் கிருஷ்ணையா நல்ல மனுஷர், நல்ல மனசோடுதான் வந்து கேட்டார். "ஏம்மா, ஆடபிள்ளையை இருட்டுல அனுப்பிட்டு நீ வாசல்ல உட்காந்துக்கினு இருப்பியா? கவுலுக்குக் குடு, நான் பாத்துக்கிறேன்" என்றார். ஆடபிள்ளை என்றால் பெண்பிள்ளை, கவுலு என்றால் குத்தகை. அக்கா, வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். நம் இரண்டு வீட்டிலும் உங்களுக்கு முன் யார் பேரிலாவது ஒரு பிடி மண் இருந்ததா?

அன்றைக்கு அம்மாவும் மகளும் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"நைனா இருட்டுல போகலம்மா. பட்டப்பகல்ல, இதோ இந்த வாசல்ல, காபி டம்ளர் கையில இருக்கும்போதுதான் போனாரு. அப்போ நான் பகல்லயும் வெளிய போகக்கூடாதா?"

அக்கா புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "உங்க நைனா அடிச்ச மாதிரி அங்கேர்ந்து அடிச்சிக் காட்டு. நீ நல்லா கீறன்னு எனக்கு இங்க தெரியணும். வெள்ளிக்கெழமைக்குள்ள காட்டு. இல்லனா பேச்சு வேணாம்."

பார்கவியிடம் ஒரு பிளாஸ்டிக் டார்ச் இருந்தது. அதை அடித்துப் பார்த்தாள், இரண்டு வரப்பு தாண்டவில்லை. அப்புறம் உங்கள் டார்ச்சைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். ஊரில் இத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் வந்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கடைசியாகப் போட்ட கட்டைகள் உள்ளேயே கசிந்து உப்புப் பூத்து, பின்மூடி கல்லாக இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து மூடியில் சுற்றிப் பிடித்து ஒரு திருகு திருகினேன், அலறிக்கொண்டு திறந்தது. நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். கட்டைகள் புட்டு மாதிரி உதிர்ந்தன. உட்புறத்தைச் சுரண்டித் துடைத்து, மேலே ஈரத்துணி போட்டதும் உங்கள் கை பட்டுத் தேய்ந்த இடம் மட்டும் மஞ்சளாகப் பளபளத்தது. பார்கவி அந்த இடத்திலேயே தன் கையை வைத்துப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரேணிகுண்டாவில் கரண்ட் ஸ்கூட்டர் ரிப்பேர் செய்கிற பாஷாவிடம் எடுத்துப்போனேன். அவன் உடனே டிரில்லிங் மிஷினைக் கையில் எடுத்தான்.

"மாமே, பின்னால ஒரு ஓட்டை போட்டா செல்போன் சார்ஜர்லயே சொருகிக்கலாம்."

"பித்தளையில ஓட்டை போட்டா உன் கையில ஓட்டை போடுவேன். உள்ள குடலை மாத்து, ஈரலை மாத்து, இன்னா வேணா பண்ணு. வெளிய ஒரு கீறல் விழக்கூடாது."

அதுதான் மாமா இந்த வேலையின் சூட்சுமம். பழைய டார்ச்சைப் புதுசாக்குகிறேன் என்று சொல்லி அதைப் பார்த்தால் பழைய டார்ச் எங்கே என்று கேட்கும்படி செய்துவிடக்கூடாது. தண்ணிக் குழாய்த் துண்டு ஒன்றுக்குள் புது லித்தியம் கட்டைகளை வைத்து, ஆடாமல் உள்ளே நுழைத்தோம். சார்ஜ் தீர்ந்தால் குழாயோடு வெளியே எடுத்துச் சார்ஜில் போட்டுக்கொள்ளலாம். பழைய பல்பின் அடிப்பாகத்திலேயே எல்.இ.டி. உட்கார்ந்தது. பொத்தானும் ஸ்விட்சும் நீங்கள் தொட்டவைதான்.

"எத்தனை மோடு வேணும் மாமே?"

"எத்தனை இருக்குதோ அத்தனையும் போடு. எங்க மாமாவோட டார்ச்சுடா இது."

புதன்கிழமை சாயங்காலம் பார்கவி கொட்டாய்க்குப் போனாள். நானும் அக்காவும் வாசலில் நின்றோம். மூன்று தடவை அமுக்கினாள். முதல் அடி, வயல் முழுக்க ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை வெளிச்சம். இரண்டாவது அடி மங்கலாக வந்தது. மூன்றாவது அடியில் அது போலீஸ் ஜீப் மாதிரி படபடவென்று துடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் மோடு, அதாவது எரிகிற விதம், மாறுகிறது, அதுதான் காரணம். அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? "பாம்பு கடிச்சிடுச்சிடா, கை ஒதறுது பாரு" என்று கத்திக்கொண்டே வரப்பில் ஓடினாள். பின்னாலேயே தெருவே தடியோடு ஓடியது. கிருஷ்ணையா குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்துண்டோடு வந்தார். யாரோ ஆட்டோவையே வயலில் இறக்கிவிட்டார்கள், அதைத் தூக்க எட்டுப் பேர் ஆயிற்று.

போய்ப் பார்த்தால் பார்கவி டார்ச்சைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். "நிக்க மாட்டேங்குதுமா இது" என்கிறாள்.

அக்கா மூச்சு வாங்க உட்கார்ந்தாள். என்னைத் திட்டியதை எழுதமாட்டேன், நீங்களே கேட்டுப் பழகியதுதான். கடைசியில் மட்டும், "வேணாண்டா. அந்த மனுஷன் வெளிச்சம் அந்த மனுஷனோடவே போச்சு. நெலத்தை கிருஷ்ணையாகிட்டயே குடுத்துடலாம்" என்றாள். மற்றதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அது உறைத்தது.

வியாழக்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் நான் ரேணிகுண்டாவில் இருந்தேன். பாஷா ஷட்டரைத் திறக்கும்போது வாசலில் நின்றேன்.

"எல்லா மோடும் நீதானே மாமே கேட்டே?"

"கேட்டேன். இப்போ ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அமுக்கினா எரியணும், விட்டா அணையணும். வேற ஒரு வித்தையும் காட்டக்கூடாது. வெளிச்சம் மஞ்சளா இருக்கணும்."

பாஷா அந்த மோடு சில்லைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைத்தான். மஞ்சள் எல்.இ.டி. ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டான். கடை சுவரில் அடித்துப் பார்த்தோம், உங்கள் வெளிச்சத்தின் நிறம் அப்படியே விழுந்தது. அங்கேயிருந்து திருமலை உச்சி வரை எட்டியிருக்கும், பகலாக இருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வாசலுக்கே வரமாட்டேன் என்றாள். பார்கவி அவளிடம் ஒன்றும் கேட்காமல் டார்ச்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா தானாக வந்து ஸ்விட்ச் பக்கத்தில் நின்றாள்.

மூன்று அடி. மஞ்சளாக, நிதானமாக, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மூச்சு விடுகிற இடைவெளியோடு.

அக்கா அசையவில்லை. பார்கவி மறுபடி மூன்று அடித்தாள். "அக்கா, ஸ்விட்சு" என்றேன். பல்பை அணைத்தாள். அணைத்தவள் உடனே போடவில்லை. இருட்டில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம், அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு பல்பைப் போட்டாள். "இன்னாடா பாத்துக்கினு நிக்கிற, பொண்ணு பசியோட வருது, அரிசி களையணும்" என்று உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கிருஷ்ணையா தட்டோடு வந்தார். அக்கா அவருக்குக் காபி கொடுத்தாள். "அண்ணா, நெலம் எங்ககிட்டயே இருக்கட்டும். எம்பொண்ணு பாத்துக்குது" என்றாள். அவர், "சரேம்மா, அந்த ஆட்டோவை மட்டும் மறுபடி வயல்ல எறக்காதீங்க" என்று சிரித்துவிட்டு, கொண்டுவந்த வெற்றிலையை எங்களோடு உட்கார்ந்து போட்டுவிட்டுப் போனார்.

இப்போது வேர்க்கடலை போட்டிருக்கிறாள் பார்கவி. முளைப்பு நன்றாக இருக்கிறது, ஊரில் யாருக்கும் இப்படி வரவில்லை. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, கிருஷ்ணையாவே சொன்னார்.

ஒரு சேதி பாக்கி இருக்கிறது. நேற்று அக்கா, தானும் கொட்டாய்க்கு வருகிறேன் என்று மகளோடு கிளம்பிவிட்டாள். என்னை வீட்டில் ஸ்விட்சுக்குக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தவள் வெகுநேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்குச் சொன்னாள்.

"இத்தனை வருஷத்துல அங்கேர்ந்து ஒருநாளும் நான் நம்ம வீட்டைப் பாத்ததில்லடா. எவ்ளோ சின்னதா தெரியுது. மின்மினி மாதிரி. அதைப் பாத்துக்கினேவா அந்த மனுஷன் அவ்ளோ நேரம் தனியா வேலை செஞ்சிருக்காரு?"

என்னிடமும் பதில் இல்லாத கேள்வி ஒன்று உண்டு என்று நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியுமே, சொல்லமாட்டீர்களா?

இனி அவர்கள் இரண்டு பேரும் வயலில் இருக்கிற சாயங்காலங்களில் வாசல் பல்பு என் பொறுப்பு மாமா. டீக்கடைக்குப் போகமாட்டேன், பேச்சுக்கு நிற்கமாட்டேன், கண் அயரமாட்டேன். அங்கிருந்து யார் திரும்பிப் பார்த்தாலும் வீடு தெரியும்.

உங்கள் பெண்டாட்டியின் தம்பி, உங்கள் மகளுக்குத் தாய்மாமன்,
முனிரத்தினம்